ஒரு முகமும் விடுபடக் கூடாது

எங்கள் சனத்தின் கொண்டாட்டங்களில் வீடியோ எடுப்பவனுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, வந்தவர்களில் ஒருவருடைய முகமும் விடுபடக் கூடாது. தாலி கட்டுகிற நேரத்தில் கமெராவின் பற்றரி செத்துப்போனால்கூட மன்னிப்பார்கள். பெண்ணின் பெரியப்பா சோறு சாப்பிட்டது படத்தில் விழவில்லையென்றால் பத்து வருடத்துக்குக் கதைக்க மாட்டார்கள். ஆகவே மேசை மேசையாகப் போகவேண்டும். ஒரு முகத்துக்கு மூன்று விநாடி. வாய்க்குள் வடை இருந்தால் அது இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது சட்டம், எல்லாரும் உள்ளதைவிட இரண்டு மடங்கு வெள்ளையாகத் தெரியவேண்டும். இதை யாரும் நேராகச் சொல்வதில்லை. "அண்ணை, லைற்றைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ, பிள்ளை வடிவாத் தெரியோணும்" என்பார்கள். நானும் என் கொம்பியூட்டரில் 'கல்யாணம்' என்று ஒரு செற்றிங் செய்து வைத்திருக்கிறேன். எந்தப் படத்தைப் போட்டாலும் அது தன்பாட்டில் வெளுத்துக் கொடுத்துவிடும்.

மொன்றியலில் இருபத்திரண்டு வருடம் இந்த இரண்டு சட்டங்களையும் வைத்தே குடும்பம் நடத்தினேன். ஒரு கோடைகாலத்தில் இரண்டும் சேர்ந்து என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டன.

நாங்கள் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றின் நடுவீட்டில். மேல்வீட்டில் ஒரு கறுப்பினப் பெண்மணி இருக்கிறார். நான் அவரை மடாம் என்று கூப்பிடுவேன். வயது அறுபத்துநான்கு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். இந்த நகரத்திலேயே பிறந்தவர். தகப்பன் ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரித்த போர்ட்டர். பயணிகள் எல்லாப் போர்ட்டர்களையும் ஒரே பெயரால்தான் கூப்பிடுவார்களாம். அந்தக் கோபம் மகளுக்குச் சீதனமாக வந்திருந்தது. பத்தொன்பது வயதிலிருந்து ஊர்வலம், கூட்டம், மறியல் என்று திரிந்தவர். பொலிஸ் தன்னைப்பற்றி வைத்திருந்த ஃபைலை விண்ணப்பம் போட்டு எடுத்திருக்கிறார். கட்டுக் கட்டாகப் பக்கங்கள் வந்தன, வரிக்கு வரி கறுப்பு மையால் அடிக்கப்பட்டு. அதில் ஒரு பக்கத்தைப் பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்.

"என்னைப் பற்றி எழுதின ஒரே புத்தகம் இதுதான். அதையும் வாசிக்க விடுறாங்களில்லை" என்பார்.

மடாம் பேசுவது ஆங்கிலமும் பிரெஞ்சும். என் காதுக்குள் நுழையும்போதே அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். இங்கே அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் குடிவந்த புதிதில் கீழ்வீட்டில் இருந்த எங்கள் ஆள் ஒருவர் காதுக்குள் சொன்னார்: "மேல கறுவல், கவனம்." சொன்னவர் என்னைவிடக் கறுப்பு. நானும் ஒன்றும் உத்தமனில்லை. ஆறு மாதம் மாடிப்படியில் அவரைக் கண்டால் செருப்பைத் தேடுகிறமாதிரிக் குனிந்துகொள்வேன். பிறகு ஒரு ஜனவரியில் என் வான் பனிக்குள் புதைந்தது. எச்சரித்தவர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். மண்வாரியோடு இறங்கி வந்தவர் மடாம். இரண்டு பேருமாக அள்ளி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"நீர் கமெரா வைச்சிருக்கிறீர் என்ன?"

சோழியன் குடுமி சும்மா ஆடாது. வியாழக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் அவருடைய குழு கூடுவது எனக்குத் தெரியும். தெருவில் காரணமில்லாமல் மறிக்கப்பட்டவர்கள், சிறையில் இருப்பவர்களின் வீட்டார், அவர்களுக்கு சூப் காய்ச்சுபவர்கள். யாருக்காவது வழக்கு வந்தால் முப்பது பேராகப் போய் நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்குகளை நிரப்புவார்கள். முதல் நாள் போனபோது, உங்கள் கோரிக்கை என்ன, நல்ல பொலிசா என்று பவ்வியமாகக் கேட்டேன்.

"நல்ல பொலிஸ் தாருங்கோ எண்டு கேக்கிற கூட்டம் பக்கத்துத் தெருவில. நாங்கள் பொலிசே வேண்டாம், எங்கட பிள்ளையளை நாங்களே பாத்துக்கொள்ளுறம் எண்டு கேக்கிற கூட்டம்" என்றார் மடாம்.

கூட்டம், இயக்கம், துண்டுப்பிரசுரம் எல்லாவற்றுக்கும் தப்பி இரண்டு கடல் தாண்டி வந்தவன் நான். ஆனாலும் அவர்கள் காய்ச்சிய சூப் நன்றாக இருந்தது. அடுத்த வியாழனும் போனேன்.

கமெரா தூக்குபவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். தள்ளி நில். வாயைத் திறக்காதே. பொலிஸ்காரரின் இலக்கத்தை எடு. நேரத்தைக் குறித்துக்கொள். கடைசியாக, எங்கள் ஆட்களின் முகத்தை மட்டும் எடுக்கவே கூடாது. ஐந்துக்கும் ஓம் என்றேன். தொழில் தெரிந்தவனுக்கு என்ன பாடம் என்ற மிதப்பு வேறு.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மெற்றோவுக்குப் பக்கத்துப் பூங்காவில் பிக்னிக். சிறையில் இருப்பவர்களுக்கு எல்லாருமாக இருந்து கடிதம் எழுதுவார்கள், எழுதியவர்களுக்குக் கோழி சுட்டுக் கொடுப்பார்கள். கோழி சுட்டவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுபவர். அவருடைய அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு, நாட்டைவிட்டுப் போகச்சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. போகாமல் இருந்தார். இப்போது அவருக்கு இங்கே இருப்பதற்கான பேப்பர் கிடைத்துவிட்டது. இல்லாவிட்டால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

பாட்டுச் சத்தம் கூட என்று யாரோ முறைப்பாடு செய்ததாக இரண்டு பொலிஸ் வந்தது. பாட்டை நிறுத்தினோம். இரண்டு நாலாகி, நாலு ஒன்பதானது. ஒருவர் நேரே அடுப்படிக்குப் போய் கோழி சுட்டவரிடம் அடையாள அட்டை கேட்டார். அந்த நேரம் பார்த்து மடாம் இரண்டு கையாலும் ஒரு பெரிய சட்டி உருளைக்கிழங்குச் சலட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவே நின்றார்.

"என்ன காரணத்துக்காகக் கேக்கிறியள்?" என்றார்.

விலகச் சொன்னார்கள். விலகினால் காரணம் சொல்வீர்களா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியையே வெவ்வேறு குரலில் பதினொரு நிமிடம் கேட்டார். கோழி சுட்டவர் அதற்குள் இடுக்கியைக் கையில் பிடித்தபடியே மெல்லப் பின்வாங்கத் தொடங்கிவிட்டார்.

நான் எங்கே நின்றேன் என்று கேட்கிறீர்களா? கமெராவுக்குப் பின்னால்தான். என் கை பழகிய வேலையைத் தொடங்கியிருந்தது. ஒன்பது பொலிசும், ஆளுக்கு மூன்று விநாடி. அதில் ஒருவரிடம், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ, வெளிச்சம் காணாது" என்று என் உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். அவரும் திரும்பினார். பிறகு என் கால்கள் மேசை மேசையாக நடந்தன. கடிதம் எழுதியவர்கள், கோழி கடித்தவர்கள், அழுத குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர்கள். பூங்காவின் வாசலுக்குக் கிட்ட, இடுக்கியோடு போய்க்கொண்டிருந்தவரைப் பிடித்தேன். "ஒருக்கா இஞ்ச பாருங்கோ, ஒரு சிரிப்பு" என்றேன். அந்த மனிசன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற வேளையிலும், நின்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் கமெராவோடு திரும்பிய விநாடியில்தான் சட்டி மடாமின் இரண்டு கையிலுமிருந்து புல்லில் விழுந்தது. மடாமின் கையில் விலங்கு. கடமைக்கு இடையூறு செய்தார், பொலிஸ்காரர் ஒருவரை இரண்டு கையாலும் தள்ளினார் என்று வழக்கு. தீர்ப்பு பிழைத்துக் குற்றப்பதிவு விழுந்தால் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை அன்றோடு சரி. அந்த பஸ்ஸில் போகிற முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பெயரும், யாருக்கு எந்தச் சந்தியில் குமட்டிச் சத்தி வரும் என்பதும் அவருக்கு மனப்பாடம். வேறு எதற்கும் பயப்படாதவர் அதற்குப் பயந்தார். மாடிப்படியில் குந்தியிருந்து அழுததை நான் கண்டேன், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வியாழக்கிழமை என் வீடியோவைச் சுவரில் போட்டுக் காட்டினேன். மாப்பிள்ளையைப்போல முன்வரிசையில் இருந்தேன். படம் தொடங்கியதும் நிலவறையில் ஒரு சலசலப்பு. பூங்காவில் நின்ற அத்தனை பேரும் மாவில் புரட்டி எடுத்தவர்கள் போலத் தெரிந்தார்கள். கல்யாணச் செற்றிங்கை நான் கழற்ற மறந்திருந்தேன்.

மடாம் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. "எங்கள் எல்லாரையும் வெள்ளையாக்கிப்போட்டீர்! இதை அண்டைக்கே செய்திருந்தால் பொலிஸ் வந்திராதே!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பிறகு மடாமும் சட்டியும் வந்தார்கள். அவர் படத்தில் நின்ற நேரமெல்லாம் இரண்டு கையும் சட்டியில் இருப்பது பளிச்சென்று தெரிந்தது. கைதட்டினார்கள். பிறகு மேசைகள் வந்தன. முகத்துக்கு மூன்று விநாடி. கைதட்டல் குறைந்தது. ஐந்தாவது முகத்தில் சிரிப்பும் நின்றது. கடைசியாக, இடுக்கியோடு சிரித்தவர் வந்தார். அவர் எனக்குப் பின்னால்தான் இருந்தார்.

"இருபத்துமூண்டு முகம்" என்றார் மடாம். "பொலிசுக்கு நீர் அல்பம் போட்டுக் குடுத்திருக்கிறீர், தம்பி."

குழுவின் சட்டத்தரணி ஒரு இளம் பெண். அவர் நிலைமையை விளக்கினார். வீடியோவை நீதிமன்றத்துக்குக் கொடுத்தால் முழுதாகக் கொடுக்கவேண்டும். முகங்களை மறைத்தோ வெட்டியோ கொடுத்தால், மூலத்தைக் கொண்டுவா என்பார்கள். கொடுத்தால் மடாம் தப்புவார். இடுக்கிக்காரர் அகப்படுவார்.

அடுத்த நாள் இடுக்கிக்காரர் எங்கள் வீட்டுப் படியில் வந்து நின்றார். "குடுங்கோ. என்னாலதானே அவ மாட்டினவ" என்றார். மேல்மாடியிலிருந்து மடாம் கத்தினார், குடுத்தால் கமெராவைச் சந்திக்கு எறிவேன் என்று. அவர் கீழிருந்து, நீ யார் எனக்காக முடிவெடுக்க என்றார். இவர் மேலிருந்து, நீ ஒழுங்காகக் கோழியைச் சுடு என்றார். நடுவில் நான், இரண்டு சம்பந்திகளுக்கிடையில் அகப்பட்ட கல்யாணத் தரகன் மாதிரி. அரை மணித்தியாலம் சண்டை பிடித்துவிட்டு இருவரும் என் வீட்டிலேயே தேத்தண்ணி குடித்தார்கள். வீடியோ கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று.

அவர்கள் போனபிறகு என் மனைவி சொன்னாள்: "உங்களுக்கு வாய் இருக்குத்தானே. கமெரா கண்டதைப் போய் வாயால சொல்லுங்கோவன்."

போனால் வீடியோ பற்றிக் கேட்கக்கூடும், கேட்டால் பொய் சொல்ல முடியாது என்று சட்டத்தரணி எச்சரித்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கும்படியும் அவர்தான் சொன்னார். அது எனக்கு வந்த அடுத்த சோதனை. வழக்கு நாளில் கறுப்புக் கோட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றவர், நான் நாலு வருடத்துக்கு முன்னர் வீடியோ எடுத்த ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய். அவருடைய தமக்கை எந்த மேசையிலும் விழவில்லை என்று என்னோடு கோபம். சாட்சியைத் தெரியுமா என்று நீதிபதி அம்மா கேட்டார். "ஒரு தடவை வீடியோ எடுத்தவர். நட்பு இல்லை" என்று மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொன்னார். நட்பு இல்லை என்பதைச் சற்று அழுத்தமாகவே சொன்னார்.

உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். அரச தரப்பு சட்டத்தரணி, அன்று எத்தனை பொலிஸ் நின்றது என்று கேட்டார். ஒன்பது என்றேன். முதலாமவருக்கு இடது காதுக்குக் கீழே மச்சம். இரண்டாமவர் சூயிங்கம் சப்பினார். மூன்றாமவரின் சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தது. ஒன்பது பேரையும் சொல்லி முடித்தேன். மடாமின் கை எங்கே இருந்தது? சட்டியில். உருளைக்கிழங்குச் சலட். மேலே முட்டை வெட்டிப் போட்டிருந்தது. நீதிபதி தன் தாள்களைப் புரட்டினார். சப்பாத்தில் சாப்பாடு கொட்டியதாகப் பொலிஸ்காரரே எழுதிக் கொடுத்திருந்தார்.

"இவ்வளவையும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்?" என்றார் அரச தரப்பு சட்டத்தரணி.

பெருமையில் புளுகம் தலைக்கேறியிருந்தது. "முகம் பாக்கிறதுதான் ஐயா என்ர தொழில். கல்யாண வீடியோ."

"அப்படியானால் அன்றும் வீடியோ எடுத்தீர்களா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொல்லிவைத்தது. மடாம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓம், எடுத்தனான்."

"அது எங்கே?"

"வீட்டில இருக்கு. தரமாட்டன்."

பின்வாங்குகளில் இருந்த முப்பது பேரும் அசைந்தார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இதற்கெல்லாம் நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"அதில வேற ஆக்களின்ர முகம் கிடக்கு, அம்மா. வீடியோவுக்கெண்டு வராத ஆக்கள். எங்கட ஊரில ஆமியின்ர சுற்றிவளைப்பு நடக்கேக்க, ஒருத்தற்ற தலையில சாக்கைப் போட்டுக் கதிரையில இருத்துவினம். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. நாங்கள் ஒவ்வொருத்தரா அவருக்கு முன்னால நடக்கோணும். அவர் தலையாட்டினால் லொறியில ஏத்துவினம். தலையாட்டி எண்டு சொல்லுறது. எனக்கு முன்னால அந்தச் சாக்கு ஆடேல்ல. அதாலதான் இஞ்ச நிக்கிறன். இந்த வீடியோவைத் தந்தால் நான்தான் அந்தச் சாக்குக்குள்ள இருக்கிற ஆள்."

மொழிபெயர்ப்பாளர் தொடங்கினார். சாட்சி 'நான்' என்று சொன்னால் அவரும் 'நான்' என்றே சொல்லவேண்டும். அது அவர்களுடைய விதி. நான் சொன்னதெல்லாம் சரியாகப் போனது. சாக்கு, ஓட்டை, லொறி. நான் முடித்த இடத்தில் அவரும் முடிப்பார் என்று நினைத்தேன். முடிக்கவில்லை. அதே குரலில், மேசையைப் பார்த்தபடி தொடர்ந்தார். என் பிரெஞ்சு கோழிக்கும் வாடகைக்கும் போதுமான பிரெஞ்சுதான். ஆனாலும் விளங்கியது.

பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன என் தம்பி மூன்றாவது வரிசையில் நின்றான் என்று அவர் சொன்னார். சாக்கு ஆடியது. சாக்குக்குள் இருந்தவரை அவருடைய காலை வைத்தே எனக்குத் தெரியும், எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவர். தம்பியை ஏற்றினார்கள். பாண் நிலத்தில் கிடந்தது.

நான் சொன்னதைவிட இரண்டு மடங்கு நீளம் என்பதை நீதிபதியும் கவனித்துவிட்டார். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார். இருபது வருடம் அந்த வேலையில் ஒரு சொல் கூட்டாதவர், ஒரு சொல் குறைக்காதவர் என்று பெயர் எடுத்தவர். முகம் சாம்பல் பூத்திருந்தது. அப்போதும் விதி தவறாமல் கேள்வியைத் தமிழில் சொன்னார்:

"மூண்டாவது வரிசையில நிண்டது உங்கட தம்பியோ, இது உங்கட சாட்சியமோ எண்டு நீதிபதி கேக்கிறா."

எனக்குத் தம்பி இல்லை. மூன்று தமக்கைகளுக்குக் கடைசியாகப் பிறந்தவன் நான்.

"ஓம்" என்றேன். "என்ர தம்பிதான்."

சத்தியம் செய்துவிட்டு அந்த அறையில் நான் சொன்ன ஒரே பொய் அது. அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

வீடியோவைக் கட்டாயப்படுத்திப் பெற விண்ணப்பிக்கிறீர்களா என்று நீதிபதி அரச தரப்பைக் கேட்டார். அவர் பேனையைத் திருகி மூடிவிட்டு, இல்லை என்றார். சட்டி தூக்கிய கையால் தள்ள முடியாது என்பது நீதிபதிக்கும் விளங்கியிருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மடாமை விடுதலை செய்தார். பின்வாங்குக்காரர்கள் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடிவந்தார். மடாம் என்னைக் கட்டிப்பிடித்து, "அடுத்தமுறை கமெராவைக் கட்டிப்போட்டுத்தான் உம்மைக் கூட்டிக்கொண்டு போறது" என்றார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவருடைய பஸ் எங்கள் தெருவால் போனது. யாரும் நடுவில் நிற்காமலே ஹோர்ன் அடித்தார்.

ஆனால் அந்த மத்தியானம் நடைபாதையில் மொழிபெயர்ப்பாளர் தனியாக நின்றிருந்தார். அவருக்குக் கிட்டப் போவதற்கு, கூண்டில் ஏறியதைவிட எனக்கு அதிகம் பயமாக இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாப்பது வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்ல" என்றார். "என்ர மனிசனுக்கும் முழுக்கத் தெரியாது."

அக்கா, தம்பியின்ர பேர் என்ன என்று மட்டும் கேட்டேன். கூண்டில் என் தம்பி என்று சொன்னவனுக்குப் பெயராவது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அவர் பெயரைச் சொன்னார். இப்போது எனக்கு அது தெரியும். இங்கே எழுதலாமா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.